வண்டியை ஓரம் கட்டச் சொன்னால், ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நீதித்துறை நடுவர் மன்றத்தில் காலை பத்தரைக்கு முதலில் கூப்பிடுவது சில்லறை வழக்குகளைத்தான். பெட்டி கேஸ் என்பார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், கல்லூரிப் பையன் ஒருவன் கூண்டுக்கு அருகே வந்து நின்றான். டீக்கடை வாசலில் நடந்த தள்ளுமுள்ளு வழக்கு. "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?" என்று கேட்டார்கள். "ஆமாங்கய்யா" என்றான். ஐந்நூறு ரூபாய் அபராதம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்தவனிடம் எந்தப் பிரிவு என்று கேட்டேன். "தெரியாது சார். ஒத்துக்கோ, உடனே போயிடலாம்னு சொன்னாங்க" என்றான்.

அந்தப் பையன் பிறகு என் அலுவலகத்துக்கு வந்தான். ஏன் வந்தான் என்பதைக் கீழே சொல்கிறேன். தமிழ்நாட்டில் வண்டி ஓட்டுகிற, வேலைக்குப் போகிற சாதாரண மனிதர்கள் வக்கீலான என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.), குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.எஸ்.) நடைமுறையில் இருக்கின்றன. பிரிவு எண்களை அவற்றின்படியே கொடுத்திருக்கிறேன்.

போக்குவரத்துப் போலீஸ் நிறுத்தினால் என்னென்ன காட்ட வேண்டும்? போனில் இருந்தால் போதுமா?

சீருடையில் இருக்கும் காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டியே ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 130வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆர்.சி., இன்சூரன்ஸ் ஆகியவற்றையும் கேட்கலாம். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ இருப்பது அசலுக்குச் சமம். 2018இல் மத்திய மோட்டார் வாகன விதி 139ஐத் திருத்தி இதைச் சேர்த்தார்கள். கேலரியில் இருக்கும் போட்டோ அப்படி ஆகாது. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். கையில் எதுவுமே இல்லையென்றால், கேட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் சமர்ப்பிக்க அதே விதியில் வழி இருக்கிறது.

எஞ்சினை அணைத்துவிட்டு, "என்ன சார், எந்தப் பிரிவு?" என்று சாதாரணக் குரலில் கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சாவியைப் பிடுங்கிவிட்டார். லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார். சரியா?

சாவியைப் பிடுங்கலாம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. உரிமம் இல்லாமலோ, பதிவு இல்லாமலோ, பெர்மிட் இல்லாமலோ ஓடும் வண்டியை 207வது பிரிவின்கீழ் பிடித்து வைக்கலாம், அது வேறு. லைசென்ஸைப் பறிமுதல் செய்ய 206வது பிரிவில் அதிகாரம் உண்டு. ஆனால் அதற்கான காரணம் இருக்க வேண்டும், எழுத்தில் ஒப்புகைச் சீட்டும் கொடுக்க வேண்டும். சீட்டு இல்லாமல் கார்டை விட்டுவிட்டு வந்தால், நாளைக்கு யார் வாங்கினார்கள் என்று நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

இன்னொரு விஷயம். லைசென்ஸை ரத்து செய்வதும் இடைநிறுத்துவதும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வேலை. 19வது பிரிவின்படி, அதற்கு முன்னால் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் தூக்கிப் போடாமல் பதில் எழுதுங்கள்.

வீடியோ எடுக்கலாமா?

பொது இடத்தில் பணியில் இருக்கும் காவலரைப் படம் எடுக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் போனை முகத்துக்கு நேரே நீட்டி, கையைத் தட்டிவிட்டு, ஒருமையில் பேசி வாக்குவாதம் முற்றினால், ஆயிரம் ரூபாய் ஹெல்மெட் அபராதத்தில் முடிய வேண்டியது பி.என்.எஸ். 132இல் போய் நிற்கும். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியதாகச் சொல்லும் பிரிவு அது. ஜாமீனில் விட முடியாத குற்றம். எத்தனையோ பேர் இப்படித்தான் உள்ளே போயிருக்கிறார்கள். எடுப்பதானால் தள்ளி நின்று, வாயை மூடிக்கொண்டு எடுங்கள்.

ஸ்பாட் ஃபைன் கட்டினால் நான் தண்டனை பெற்றவன் ஆகிவிடுவேனா?

இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 200வது பிரிவின்கீழ், அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரியிடம் இணக்கக் கட்டணம் கட்டினால் அந்த விஷயம் அங்கேயே முடிகிறது. மேற்கொண்டு வழக்கு நடத்த முடியாது. ஹெல்மெட் (194டி, ரூ. 1,000), சீட் பெல்ட் (194பி, ரூ. 1,000), உரிமம் இல்லாமல் ஓட்டியது (181, ரூ. 5,000) எல்லாம் இப்படி முடியக்கூடியவை. 2019 திருத்தத்தில் உயர்ந்த இந்தத் தொகைகளைத் தமிழ்நாடு 2022 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கட்டினால் ரசீது வாங்குங்கள். ரசீதில் பிரிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ரசீது இல்லாத பணம் அபராதம் ஆகாது.

நீங்கள் தப்பே செய்யவில்லை என்றால் அங்கே கட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். அதிவேகம், ஆபத்தாக ஓட்டுதல் (183, 184) ஆகிய இரண்டிலும் 209வது பிரிவு ஒரு பாதுகாப்பைக் கொடுக்கிறது. அந்த இடத்திலேயே வழக்கு தொடரப்படலாம் என்று எச்சரித்திருக்க வேண்டும். அல்லது 14 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும். அல்லது 28 நாளுக்குள் சம்மன் வந்து சேர்ந்திருக்க வேண்டும். மூன்றும் இல்லையென்றால் அதை மறக்காமல் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

நான் போகவே போகாத ஊரிலிருந்து சலான் வந்திருக்கிறது.

பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் படம் வரும். அந்தப் படத்தை நிதானமாகப் பாருங்கள். வண்டி உங்கள் மாடலா, நிறம் அதுதானா, கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கிறதா. ஒருவருக்குத் திருச்சியிலிருந்து சலான் வந்தது. இவர் வண்டி கறுப்பு பைக், படத்தில் இருந்தது சிவப்பு ஸ்கூட்டர். எண்ணில் ஒரு 3ஐ 8 என்று வாசித்திருக்கிறார்கள். அந்தத் தளத்திலேயே புகார் பதிவு செய்து, ஆர்.சி.யையும் வண்டியின் படத்தையும் இணைத்தார். நீக்கிவிட்டார்கள். எண்ணும் வண்டியும் ஒன்றுபோல இருந்து, ஓட்டியது நீங்கள் இல்லையென்றால் யாரோ உங்கள் எண்ணைப் போலியாகப் போட்டு ஓட்டுகிறார்கள் என்று பொருள். அன்றைக்கே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அபராதத்தை விடப் பெரிய சிக்கல் பின்னால் வரலாம்.

கேமரா வழியாகப் போடும் வழக்குகளுக்கு 2021இல் சேர்த்த மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ பொருந்தும். சம்பவம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது அதில் உள்ள நிபந்தனை.

வண்டியைப் போன வருடமே விற்றுவிட்டேன். சலான் என் பெயருக்கு வருகிறது.

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. வெள்ளைத் தாளில் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, இரண்டு சாட்சி கையெழுத்து வாங்கி வைத்திருப்பார்கள். சட்டத்தின் கண்ணுக்கு அது தெரியாது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். 2018இல் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. நாளைக்கு அந்த வண்டி யாரையாவது மோதினால் நஷ்டஈட்டு வழக்கும் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50வது பிரிவு. படிவம் 29, 30இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது. பெயர் மாறிவிட்டதா என்று நீங்களே தளத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இன்னும் மாறவில்லையென்றால் இன்றே போக்குவரத்து அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்கு. என்ன செய்யலாம்?

முதலில் ஒன்று. குடித்திருந்தால் வண்டியைத் தொடாதீர்கள். இதில் நான் யாருக்கும் தந்திரம் சொல்லித் தருவதில்லை.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185வது பிரிவு. முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். இரண்டாம் முறை 2 வருடம் வரை, 15,000 ரூபாய். ஸ்பாட் ஃபைனில் முடியாது, நீதிமன்றம்தான்.

இந்த அளவு ஊதுகருவியிலோ ரத்தப் பரிசோதனையிலோ தெரிந்திருக்க வேண்டும். வாயில் வாடை அடித்தது, கண் சிவந்திருந்தது என்று மட்டும் எழுதினால் அந்தப் பிரிவு நிற்காது. அதனால் கருவி காட்டிய எண்ணைப் பாருங்கள், அச்சிட்ட தாளைக் கேளுங்கள், புது ஊதுகுழல் கேளுங்கள். இருமல் மருந்தோ மவுத்வாஷோ காரணம் என்றால் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சிறிது நேரம் கழித்து மறுபடி ஊதக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்று 202வது பிரிவு சொல்கிறது. ஊத மாட்டேன் என்று அடம்பிடிப்பதால் லாபம் இல்லை. அதற்காகவே கைது செய்யலாம், அந்த மறுப்பை உங்களுக்கு எதிராகவும் எடுத்துக்கொள்ளலாம்.

பதினாறு வயதுப் பையன் என் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

199ஏ. பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. உங்களுக்குத் தெரியாமல் எடுத்தான், தடுக்க வேண்டிய முயற்சியெல்லாம் செய்தீர்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். "பக்கத்துக் கடைக்குத்தான் அனுப்பினேன்" என்பது எதிர்வாதம் ஆகாது.

விபத்து நடந்துவிட்டது. ஓடினால் பத்து வருடமாமே?

அந்த 10 வருடப் பிரிவு, பி.என்.எஸ். 106(2). 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் போராடியதும் இதற்காகத்தான். ஜூலையில் சட்டம் வந்தபோது இந்த உட்பிரிவை மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. அதற்காக ஓடலாம் என்று அர்த்தம் இல்லை. அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134வது பிரிவு. கூட்டம் அடிக்க வந்தால் அந்த இடத்தில் நிற்க வேண்டியதில்லை என்பதையும் அதே பிரிவு ஒப்புக்கொள்கிறது. அப்போது நேராக அருகில் உள்ள காவல் நிலையத்துக்குப் போங்கள். போகும் வழியிலேயே 108க்கும் 100க்கும் அழைத்துவிடுங்கள். அந்த அழைப்பு நேரம் உங்கள் போனில் பதிவாகி இருக்கும். வழக்கில் அது பெரிய சாட்சி.

அஜாக்கிரதையாக ஓட்டியது (பி.என்.எஸ். 281), காயம் ஏற்படுத்தியது (125), கவனக்குறைவால் மரணம் (106(1), 5 வருடம் வரை) ஆகிய எல்லாமே ஜாமீனில் விடக்கூடியவை. ஆள் இறந்துவிட்டார் என்றதுமே குடும்பம் நடுங்கிப் போகிறது. இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போகும். குடித்திருந்தாலோ ரேஸ் விட்டிருந்தாலோ வேறு கனமான பிரிவு சேரலாம்.

விபத்து நடந்தாலே பெரிய வண்டிக்காரர்தான் குற்றவாளி என்பது தெருவில் சொல்லும் தீர்ப்பு. நீதிமன்றத்தில் கவனக்குறைவை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். பிரேக் தடம், சாலை வளைவு, தெருவிளக்கு எரிந்ததா, எதிரே வந்தவர் தவறான பக்கம் வந்தாரா, பக்கத்துக் கடை சி.சி.டி.வி. என்ன காட்டுகிறது, எல்லாம் முக்கியம். கேமராப் பதிவு சில நாளில் அழிந்துவிடும். முதல் நாளே யாரையாவது அனுப்பிக் கடைக்காரரிடம் நகல் கேளுங்கள்.

அடிபட்டவரைத் தூக்கிச் சென்ற வழிப்போக்கருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ முழுப் பாதுகாப்பு கொடுக்கிறது. பெயர் சொல்லக்கூடக் கட்டாயம் இல்லை. தயங்காமல் தூக்குங்கள்.

"விசாரிக்கணும், ஸ்டேஷனுக்கு வா" என்று போனில் கூப்பிடுகிறார்கள். போகத்தான் வேண்டுமா?

போனில் கூப்பிடுவது சட்டப்படியான அழைப்பு ஆகாது. சாட்சியாக அழைத்தால் பி.என்.எஸ்.எஸ். 179இன்கீழ் எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும். உங்கள்மேல் சந்தேகம் என்றால் 35(3)இன்கீழ் நோட்டீஸ் வேண்டும். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "சார், நோட்டீஸ் கொடுங்க, கண்டிப்பா வர்றேன்" என்று சொல்லுங்கள். இதைச் சொல்வது திமிர் இல்லை. முடிந்தால் ஒரு வக்கீலையோ விவரம் தெரிந்த உறவினரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு ஆஜராகிவந்தால், கைது தேவை என்பதற்கான காரணத்தை எழுதிவைக்காமல் உங்களைக் கைது செய்யக் கூடாது. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் யோசிக்காமல் கைது செய்யாதீர்கள் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் தொடர்ச்சி இது. நோட்டீஸ் வந்தும் போகாமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

பெண்களையும், 15 வயதுக்குக் கீழ், 60 வயதுக்கு மேல் உள்ளவர்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். வயதான அம்மாவை இரவு ஒன்பது மணி வரை பெஞ்சில் உட்கார வைத்ததாக இன்னமும் கேள்விப்படுகிறேன். இந்த ஒரு வரியை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

கைது செய்தால் என்னென்ன கேட்கலாம்?

ஏன் கைது என்ற காரணம். சும்மா பிரிவு எண் மட்டும் இல்லை, நீங்கள் செய்ததாகச் சொல்லப்படும் செயல் என்ன என்பது. அரசியல் சாசனத்தின் 22வது உறுப்பு கொடுக்கும் உரிமை இது. காரணம் சொல்லாத கைது செல்லாது என்று 2025இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதிசெய்தது. அப்புறம், கைதுக் குறிப்பு: ஒரு சாட்சியின் கையெழுத்துடன், நேரமும் தேதியும் போட்டு. வீட்டாருக்கோ நண்பருக்கோ தகவல். வக்கீலைப் பார்க்க அனுமதி. மருத்துவப் பரிசோதனை. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் ஆஜர். இவற்றில் பல 1996இல் டி.கே. பாசு வழக்கில் வகுத்தவை. இன்று சட்டத்திலேயே இருக்கின்றன.

பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழலில் நடுவரின் முன் அனுமதியுடன் பெண் அதிகாரிதான் செய்ய வேண்டும். 60 வயதுக்கு மேற்பட்டவரை, 3 வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், டி.எஸ்.பி. அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது.

ரைட்டர் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?

வெற்றுத் தாளில் ஒருபோதும் வேண்டாம். உயிரே போனாலும் வேண்டாம் என்றுதான் என் கட்சிக்காரர்களிடம் சொல்வேன்.

விசாரணையில் நீங்கள் சொன்னதை எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது பி.என்.எஸ்.எஸ். 181. பல காவலர்களுக்கே இது நினைவில் இருப்பதில்லை. உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. அதன் மூலம் ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். கைதுக் குறிப்பு, நோட்டீஸ் பெற்றதற்கான ஒப்புகை ஆகியவற்றில் கையெழுத்துப் போடலாம். வாசித்துவிட்டு, தேதியுடன் நேரத்தையும் உங்கள் கையாலேயே எழுதிப் போடுங்கள்.

சி.எஸ்.ஆர். கொடுத்தார்கள். அதுதான் எஃப்.ஐ.ஆரா?

இல்லை. சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்ததற்கான ரசீது. வழக்குப் பதிவானால்தான் எஃப்.ஐ.ஆர். உங்கள்மேல் சி.எஸ்.ஆர். மட்டும் இருந்தால் இன்னும் வழக்கு இல்லை என்று அர்த்தம். இந்தக் கட்டத்தில்தான் கட்டப்பஞ்சாயத்து நடக்கும். கடன் பாக்கி, வாடகைப் பாக்கி, இடத்தகராறு இவற்றை வசூல் செய்து தரும் வேலை போலீஸுக்கு இல்லை. "இது சிவில் விஷயம் சார், கோர்ட்டில் பார்த்துக்கிறோம்" என்று சொல்லலாம். எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்களா என்பதைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் பார்த்து நகல் எடுக்கலாம். போக்சோ போன்ற சில வகை வழக்குகள் மட்டும் அங்கே இருக்காது.

296(பி), 115(2), 351 என்று போட்டிருக்கிறார்கள். இது என்ன?

தெருச்சண்டை என்றால் நம் ஊரில் கைப்பழக்கமாக விழும் மூன்று பி.என்.எஸ். பிரிவுகள். பழைய கணக்கில் 294(பி), 323, 506. கெட்ட வார்த்தை, கையால் அடித்தது, மிரட்டியது. "இவனும் இவனும் சேர்ந்து அசிங்கமாகத் திட்டி, கையால் அடித்து, கொன்றுவிடுவேன் என்று மிரட்டினர்" என்ற வரி எல்லா எஃப்.ஐ.ஆரிலும் அச்சடித்ததுபோல இருக்கும்.

அந்த அச்சுத்தன்மையே உங்கள் எதிர்வாதத்தின் தொடக்கம். 296க்கு, பேசிய வார்த்தை ஆபாசமானதாக இருக்க வேண்டும், பொது இடத்தில் மற்றவர்களுக்குத் தொல்லையாக இருந்திருக்க வேண்டும். வெறும் திட்டு மட்டும் போதாது என்று 2022இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 115க்குக் காயச் சான்றிதழ் இருக்கிறதா, எந்த நேரத்தில் மருத்துவமனைக்குப் போனார் என்று பார்க்க வேண்டும். உங்களையும் அடித்திருந்தால் நீங்களும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் எழுதவையுங்கள். மூன்று நாள் கழித்துக் கொடுக்கும் கவுன்ட்டர் புகாரை யாரும் நம்புவதில்லை.

சமாதானம் ஆகிவிட்டால் 115(2) போன்றவற்றை நடுவர் மன்றத்திலேயே முடித்துக்கொள்ளலாம். 296ஐ அப்படி முடிக்க முடியாது. அதற்கு உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, பி.என்.எஸ்.எஸ். 528வது பிரிவில் ரத்து மனு போட வேண்டும்.

ஸ்டேஷனில் அடித்துவிட்டார்கள். நடுவரிடம் சொன்னால் இன்னும் அடிப்பார்களே?

இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்து வைத்ததாகப் பிடிக்கப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சில நாட்களில் இறந்துபோனார்கள். கடை நேரம் என்கிற எவ்வளவு சின்ன வழக்கு! அந்த இரண்டு பேரையும் நினைக்காமல் இந்தப் பதிலை எழுத முடியவில்லை.

ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போது நடுவரை நேருக்கு நேர் பார்த்து, காயத்தைக் காட்டிச் சொல்லுங்கள். "அடித்தார்களா?" என்று அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். சட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். மருத்துவர் பரிசோதிக்கும்போதும் எங்கே வலி, எதால் அடித்தார்கள் என்று சொல்லி, எழுதச் சொல்லுங்கள். காவல் நிலையங்களில் கேமரா இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று குடும்பத்தார் உடனே மனு கொடுக்கலாம்.

ஜாமீன் எப்படிக் கிடைக்கும்?

ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் அது உங்கள் உரிமை, யாருடைய தயவும் இல்லை. ஸ்டேஷனிலேயே விட வேண்டும். ஜாமீன்தாரர் இல்லாமல் ஒரு வாரம் உள்ளே இருந்தால், வசதியற்றவர் என்று கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும். மற்ற குற்றங்களில் நடுவர் மன்றம், அங்கே இல்லையென்றால் செஷன்ஸ், உயர் நீதிமன்றம். கைதாவோம் என்று பயந்தால் முன்ஜாமீன், செஷன்ஸிலோ உயர் நீதிமன்றத்திலோ. தினமும் காலை பத்தரைக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது போன்ற நிபந்தனை வந்தால் ஒரு நாள்கூடத் தவறாதீர்கள். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால், கேட்டாலே ஜாமீன். ஆனால் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

சின்னக் கேஸ்தானே, ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போகலாமா?

முதலில் சொன்ன அந்தப் பையன் மூன்று வருடம் கழித்து என் அலுவலகத்துக்கு வந்தான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்து, ஓட்டம், கயிறு எல்லாம் தேறியிருந்தான். சரிபார்ப்பில் அந்த வழக்கு வந்து நின்றது. "அபராதம்தானே கட்டினேன், கேஸ் முடிஞ்சு போச்சுன்னு நினைச்சேன் சார்" என்றான். விண்ணப்பத்தில் "குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா?" என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதியிருந்தான். பொய் சொல்லும் நோக்கம் அவனுக்கு இல்லை. ஐந்நூறு ரூபாய்க்கு அவன் வாங்கியது தண்டனைத் தீர்ப்பு என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஸ்பாட் ஃபைனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நடுவர் முன் "ஆமாங்கய்யா" என்று சொன்னால் நீங்கள் தண்டிக்கப்பட்டவர். ஹெல்மெட் விஷயத்தில் அது பெரிதாகப் பாதிக்காமல் போகலாம். ஆனால் அடிதடி, திருட்டு, குடித்து ஓட்டியது, ஆபாசமாகப் பேசியது என்றால் அரசு வேலை, பாஸ்போர்ட், வெளிநாட்டு விசா எல்லாவற்றிலும் வந்து நிற்கும். வழக்கு நிலுவையில் இருந்தாலே பாஸ்போர்ட்டுக்கு நீதிமன்ற அனுமதி தேவைப்படும்.

அதனால் ஒப்புக்கொள்ளும் முன் பிரிவு எண்ணைக் கேளுங்கள். வாய்தா கேளுங்கள். வழக்கு ஆவணங்களின் நகல் இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. வாங்கிப் படித்துவிட்டு முடிவெடுங்கள். உண்மையிலேயே தப்பு உங்கள்மேல்தான், முதல் தடவை என்றால், 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி கண்டித்து விடுவிக்கும்படி கேளுங்கள். அந்தச் சட்டத்தின் 12வது பிரிவின்படி, தண்டனையால் வரும் தகுதியிழப்பு உங்களுக்கு வராது. நான் பார்த்தவரை பலர் இதைக் கேட்பதே இல்லை.

விண்ணப்பத்தில் கேட்டிருந்தால், முடிந்த வழக்கானாலும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது வேறு, வழக்கு இருந்தது வேறு என்று 2016இல் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. உண்மையை எழுதியவருக்கு வாதாட இடம் இருக்கிறது. மறைத்தவருக்கு அந்த இடம் மிகவும் குறுகிவிடுகிறது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

இலவச சட்ட உதவி எண்ணான 15100க்கு அழையுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். இலவசம் என்றால் தரம் இருக்காது என்று நினைக்காதீர்கள். தினமும் குற்ற வழக்கு மட்டுமே நடத்தும் நல்ல வக்கீல்கள் அங்கே இருக்கிறார்கள்.

சம்மன் வந்தது, போகவில்லை. இப்போது வாரன்ட் என்கிறார்கள்.

வாரன்ட் தானாகக் காலாவதி ஆகாது. நீதிமன்றம் ரத்து செய்யும்வரை உயிரோடு இருக்கும். போலீஸ் வந்து பிடிக்கும்வரை காத்திருக்காமல், வக்கீலுடன் நீங்களாகவே போய் ஆஜராகி வாரன்ட் ரீகால் மனு போடுங்கள். வராததற்கான காரணத்துக்குக் காகிதம் ஏதாவது, மருத்துவச் சீட்டோ பயணச் சீட்டோ, இணையுங்கள். காலையிலேயே போய்விடுங்கள். மாலை ஐந்து மணிக்குப் போனால் அன்றைக்கு மனுவை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.